சாத்வீகா என்க்ளேவின் நீண்ட ஏழு மணி

சென்னைக்குத் தெற்கே, ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஸ்ரீ சாத்வீகா என்க்ளேவ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில், ‘சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்’ என்று வாசல் கிரானைட்டில் பொன்னெழுத்தாலும், ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று அதற்குக் கீழே வெறும் பெயிண்டாலும் எழுதி வைத்திருந்த அந்த இடத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி வந்தது, வந்த ஏழு மணி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகவே இல்லை. அரிசி களைந்து போட்டவர்கள் சோறு வடித்தார்கள், குழம்பு வைத்தார்கள், சாப்பிட்டார்கள், பாத்திரம் துலக்கிக் கவிழ்த்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், அடித்தார்கள், சமாதானம் செய்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் ஏழு பத்து. பெரிய முள் அரைத் தூக்கத்தில் நடப்பவரைப் போல நடந்துகொண்டிருந்தது. வேறு ஊராக இருந்தால் கோவிலுக்கு ஓடியிருப்பார்கள். சாத்வீகா என்க்ளேவில் எல்லோரும் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றினார்கள்.

பேட்டரி மாற்றியும் பயனில்லை என்று தெரிந்ததும் அசோசியேஷன் செயலாளர் வேதகிரி மாடி மாடியாக ஏறி விசாரித்தார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் தன் தலையில் சொட்டுவதாகவே நினைப்பவர். சி பிளாக் இரண்டாவது மாடிக்கு வந்தபோது ஒரு வாசனை அவரைப் பிடித்துக்கொண்டது. மிளகும் பட்டையும் தேங்காயெண்ணெயும் வெந்த கேரட்டும் சேர்ந்து, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னதென்று அவர் சொல்ல விரும்பாத இன்னொன்றும் சேர்ந்த வாசனை. அந்த வாசனை எட்டிய வீடுகளில்தான் ஏழு மணி நீண்டிருந்தது. எட்டாத டி பிளாக்கில் ஏழு மணி சீரியலே அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

வாசனை வந்த வீட்டில் ஜெசிந்தாவும் வில்பிரட்டும் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் குளச்சல் பக்கம். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்த்தாள், அவன் மெட்ரோ ரயில் ஓட்டினான். அவள் காலையில் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவாள், அவனுக்கோ இரவு ஷிப்டுக்கு எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். திருமணமாகி இரண்டு வருடமாக வார நாட்களில் அவர்களுக்கு வாய்த்த குடும்ப வாழ்க்கை அந்த ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் டெப்போவுக்கும் சரி நடுவில் இந்தக் குடியிருப்பு இருந்ததால்தான் அந்த ஒரு மணியும் கிடைத்தது. வீடு மாறினால் அதுவும் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். அந்த வீடு அவர்களுக்குக் கிடைத்த கதை வேறு. “ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க சார், சமைக்கவே நேரம் இருக்காது” என்று புரோக்கர் சொல்ல, சமைக்கவே நேரமில்லாதவர்கள் சைவர்களை விடவும் சுத்தமானவர்கள் என்று வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் குவைத்தில் இருந்த ஜெசிந்தாவின் அக்கா ஒரு ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, அடியில் மின்சாரச் சூடு. காலையில் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வரை தானே மெல்ல மெல்ல வேகவைக்கும் வஸ்து. ஜெசிந்தா விடியலில் எழுந்து, மாட்டிறைச்சித் துண்டுகளில் மிளகும் மல்லியும் உப்பும் பிசறி, தேங்காயெண்ணெயில் சிவக்கப் புரட்டி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, ஒரு பிடி தேங்காய்க் கொத்து சேர்த்து, உருளைக்கிழங்கையும் கேரட்டையும் நூக்கலையும் பெரிது பெரிதாக வெட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை வைத்துவிட்டுப் போவாள். அவர்கள் ஊரில் அதற்கு இறைச்சி இஷ்டு என்று பெயர். சாயங்காலம் ஏழு மணிக்கு மூடியைத் திறந்தால் இறைச்சி கரண்டி பட்டாலே பிரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் முறையாக மூடியைத் திறந்து, இரண்டு தட்டில் போட்டு, பன்னைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டு முடித்து, அவன் அவள் கால்களைப் பிடித்துவிட்டு, அவள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, இருவரும் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தும் மணி எட்டாகவில்லை.

“ஏட்டி, கடிகாரம் நின்னுட்டு போல” என்றான் வில்பிரட்.

“நிக்கட்டும். நமக்கென்ன?” என்றாள் ஜெசிந்தா. “இன்னொரு அகப்பை போடவா?”

அவர்களுக்கு அவ்வளவுதான் விஷயம். மற்றவர்களுக்குத்தான் அது பிரச்சினையாக ஆகிவிட்டது.

முதல் சுற்றறிக்கை மறுநாளே வந்தது. சி பிளாக்கை நோக்கிய ஜன்னல்களை ஏழு முதல் எட்டு வரை அடைத்து வைக்கவும். அடைத்தார்கள், நேரம் பழையபடி ஓடியது, பாதிச் சமையலில் எட்டு மணி வந்து நின்றது. மூன்றாம் நாளே பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஜன்னலைத் திறந்தார்கள். நான்காம் நாள் ஆண்கள் தெரிந்தே திறந்தார்கள். வார முடிவில் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. காற்றோட்டம் கருதி சி பிளாக்கை நோக்கிய ஜன்னல்களை ஏழு முதல் எட்டு வரை திறந்து வைக்கவும். காற்றோட்டம் என்ற சொல்லைக் கண்டுபிடித்ததற்காக வேதகிரிக்குப் பாராட்டுகள் குவிந்தன.

நேரம் வேண்டும், வாசனை வேண்டாம் என்று சிலர் ஜன்னலைத் திறந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அது நடக்கவில்லை. மூச்சில் இழுத்தவர்களுக்கு மட்டும்தான் ஏழு மணி நீண்டது, பொத்தியவர்களுக்கு வழக்கமான மணிதான். வேதகிரி கொள்கைக்காரர், பொத்தியவர் பொத்தியபடியே இருந்தார். அவர் மனைவி கோமளா பொத்தவில்லை. அவர் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் மேஜையில் குவிந்திருந்த துணி மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போயிருந்தது, இரண்டாவது வாய்க்குள் கோமளா ஒரு முழுப் படத்தைப் பார்த்து அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், டம்ளர் காலியாவதற்குள் தூங்கியே எழுந்துவிட்டாள். ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தும் மனைவி அவரை விட்டு எவ்வளவோ தூரம் போய்விட்டிருந்தாள். ஒரு வியாழக்கிழமை, யாரும் பார்க்காதபோது, அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

அன்றைக்குக் கோமளா அவரிடம் பேசினாள். பல வருடங்களாக ‘சாப்பிட வாங்க’, ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்ற அளவில் நின்றுபோயிருந்த பேச்சு அன்று தானாக நீண்டது. சின்ன வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதாகச் சொன்னாள், அவர் தலையில் வலது பக்கம் மட்டும் முடி சீக்கிரம் கொட்டுவதாகச் சொன்னாள், அவருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஏழு மணிக்காக அவர் மத்தியானத்திலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தார். வெளியே மட்டும் யாராவது பார்த்தால் கை மூக்குக்குப் போய்விடும்.

இப்படியாக, கேட்டில் பொன்னெழுத்து பொன்னெழுத்தாகவே இருக்க, உள்ளே அந்தக் குழம்புக்குப் பெயர் சூட்டும் வேலை நடந்தது. அதில் கேரட் இருக்கிறது, உருளைக்கிழங்கு இருக்கிறது, நூக்கல் இருக்கிறது, ஆகவே அது காய்கறிக் குழம்பு என்று பேச்சு வாக்கில் முடிவானது. அதற்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது அநாகரிகம் என்பதும் கூடவே முடிவானது. காய்கறிக் குழம்பு என்று ஆன பிறகு காய்கறி கொடுப்பதில் தப்பில்லை அல்லவா? காலையில் ஜெசிந்தா கதவைத் திறந்தால் வாசலில் கேரட்டும் பீன்ஸும் நூக்கலும் குவிந்து கிடக்கும். ஊட்டியிலிருந்து வந்தது, தோட்டத்தில் விளைந்தது, ஆர்கானிக் கடையில் வாங்கியது என்று சீட்டெழுதி வைத்தவர்களும் உண்டு. இறைச்சியை மட்டும் அவளே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் வாங்கி, பைக்குள் பை வைத்து, அதன் மேல் ஆர்கானிக் கேரட்டை வைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. லிஃப்டில் கூட வருகிறவர்கள் கேரட்டை மட்டும் பார்த்துப் புன்னகைப்பார்கள்.

கிடைத்த நேரத்தை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதல் சில நாட்கள் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் அங்கே நடந்த உண்மையான அற்புதம். பால்கனியில் சும்மா நின்றார்கள், பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், ஒரு வீட்டில் யாரோ புல்லாங்குழல்கூட வாசித்தார்கள். பிறகு பழக்கம் விடவில்லை. டியூஷன் டீச்சர் சுகுணவல்லி ஏழு மணிக்கு ஒரு பேட்ச் எடுத்தவர், அதே ஏழு மணிக்குள் மூன்று பேட்ச் எடுத்தார். பி பிளாக் தேவநாதன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனியின் மேனேஜர், “உங்க அபார்ட்மெண்ட்ல ஏழு மணி பெருசாமே?” என்று கேட்டு, மொத்த டீமின் மீதி வேலையையும் ஏழு மணிக்கு அனுப்பினார். தேவநாதன் முன்பு எட்டு மணிக்குக் களைத்துப்போவார், இப்போது ஏழு இருபதுக்கே களைத்துப்போனார். நேரமே இல்லை சார் என்று லிஃப்டில் முன்னைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்டார்கள். வீட்டுத் தரகர்கள் ‘இரண்டு படுக்கையறை, கார் நிறுத்துமிடம், நீண்ட ஏழு மணி, சைவர்களுக்கு மட்டும்’ என்று விளம்பரம் போட்டார்கள்.

கஷ்டம் ஜெசிந்தாவுக்குத்தான். மூடியைத் திறந்த கையோடு அழைப்பு மணி அடிக்கும். “நாளைக்குப் பையனுக்கு மேத்ஸ் எக்ஸாம்மா, காய்கறிக் குழம்பு உண்டுதானே?” என்று ஒருவர். “வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் வேண்டாம், ஆனா மத்த நாள் விட்டுடாதீங்க” என்று இன்னொருவர். “வாசம் எங்க மூணாவது மாடிக்குப் பத்தல, ஒரு ஃபேனைத் திருப்பி வையுங்களேன்” என்று மூன்றாமவர். ஏழு மணி நீள நீள, அதில் அவர்கள் இருவருக்கும் மிஞ்சுவது குறைந்துகொண்டே வந்தது. தட்டில் போட்ட இஷ்டு ஆறிப்போகும், வில்பிரட் கதவுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருப்பான்.

“நல்ல சோலி இது. பழைய ஒரு மணி நேரமே தேவலாம்” என்றான் ஒருநாள். “அதுல நீயாவது இருந்த.”

ஜெசிந்தா ஆறிய தட்டை நகர்த்தி வைத்தாள். அவளுக்கும் அதுவேதான் தோன்றிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான், நீண்ட ஏழு மணிக்காகவே அதிக வாடகைக்குக் குடிவந்திருந்த ஒரு புது மனிதர், நடைமுறை தெரியாமல், கீழே பிள்ளையார் சந்நிதி பக்கத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது ஜெசிந்தாவைப் பார்த்து வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

“ரொம்ப நல்ல வாசனைம்மா. அதுல என்ன போடுறீங்க?”

கேட்டால் சொல்வதுதானே மரியாதை. “மாட்டிறைச்சி” என்றாள் ஜெசிந்தா. “கூட காய்கறி.”

அன்றுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டதுபோல எல்லோரும் அதிர்ந்தார்கள். சுகுணவல்லி டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். ஊட்டிக் கேரட் கொடுத்தவர், ஐயோ என் கேரட் என்றார். இத்தனை நாள் தின்னாமலேயே ஏப்பம் விட்டவர்கள் எல்லோரும் வாயைக் கொப்பளிக்கப் போனார்கள். அவசரக் கூட்டம் கூட்டுவது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் வேலை இருக்கிறதே, எப்போது கூடுவது? ஏழு மணிக்கே வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் சாவகாசமாகப் பேச நேரம் இருக்கும் என்றார் தேவநாதன். யாரும் சிரிக்கவில்லை.

ஆக மறுநாள் மூடி திறந்த வாசனை சி பிளாக் ஜன்னல் வழியே இறங்கி வர, அதை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, அந்த வாசனையை வெளியேற்றுவது எப்படி என்று பேச உட்கார்ந்தார்கள். நேரம் இருந்ததால் எல்லோரும் பேசினார்கள், பேசியவர்களே மறுபடியும் பேசினார்கள், பண்பாடு பற்றிப் பேசினார்கள், மனை மதிப்பு பற்றிப் பேசினார்கள், ஒருவர் தன் ரத்த அழுத்தம் பற்றிப் பேசினார். ஜெசிந்தாவும் வில்பிரட்டும் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேலே மேஜையில் அவர்கள் தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. கோமளா மட்டும், “அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் சொன்னா, அது ஒரு தப்பா?” என்றாள். வேதகிரி அவளைப் பார்க்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் தீர்மானம் வந்தது. அதை வேதகிரி வாசித்தார். குடியிருப்பின் தன்மை கருதி அவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆனால் குக்கர் இங்கேயே இருக்க வேண்டும்.

“குக்கர் எதுக்கு?” என்றான் வில்பிரட்.

“அதுல எங்க எல்லார் காய்கறியும் வெந்திருக்கு தம்பி” என்றார் வேதகிரி. “பொதுச் சொத்து மாதிரி ஆயிடுச்சு. மீல் மேக்கர் போட்டு நாங்களே சுத்தமா வச்சுப்போம்.”

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

“வச்சுக்கிடுங்க சார். நாங்க இறைச்சி தின்னோம்னு சொல்றிய, சரி, தின்னோம். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் உண்டு. அதை மொத்தமாத் தின்னது நீங்கதான். ஒரு வாய்கூட எங்களுக்கு மிச்சம் வைக்கல்ல.”

எல்லோரும் மணி பார்த்தார்கள், ஏழு ஐம்பத்தெட்டு. நேரமாயிற்று என்று கலைந்து போனார்கள்.

ஜெசிந்தாவும் வில்பிரட்டும் காலி செய்து போன பிறகு அசோசியேஷன் ஹாலில் குக்கரை வைத்து, பூஜை போட்டு, சோயா உருண்டைகளும் ஊட்டிக் கேரட்டும் நிரப்பி, ஏழு மணிக்கு எல்லோர் முன்னிலையிலும் மூடியைத் திறந்தார்கள். திறந்ததும் மணி எட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. கரண்டி கையில் இருந்தது, கால் மட்டும் மரத்துப்போயிருந்தது. காளான் போட்டுப் பார்த்தார்கள், பலாக்காய் போட்டுப் பார்த்தார்கள், மூடியைத் தூக்கினால் எட்டு. தினமும் செய்ய வேண்டும் என்றும் தீர்மானம் போட்டிருந்ததால் தினமும் செய்தார்கள், தினமும் ஒரு ஏழு மணி காணாமல் போனது. கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது. ஏழு மணி என்று ஒன்று இருந்ததை யாரும் தேடவில்லை, நேரம் எங்கே சார் இருக்கு என்று மட்டும் லிஃப்டில் கேட்டுக்கொண்டார்கள்.

தேடியவர் ஒருவர் உண்டு. வேதகிரி ஆறு ஐம்பத்தொன்பதுக்கு மனைவியின் பக்கத்தில் போய் உட்காருவார், கோமளா ஏதோ சொல்ல வாயெடுப்பாள், எட்டாகிவிடும், “சாப்பிட வாங்க” என்று எழுந்து போவாள். பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனதும் அவருக்குத் தாங்கவில்லை. அசோசியேஷன் வேலையாகப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஒரு பை நிறையக் கேரட் வாங்கிக்கொண்டு, ஜெசிந்தாவும் வில்பிரட்டும் குடிபோயிருந்த பல்லாவரத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே ஒரு பீஃப் பிரியாணிக் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய புது வீடு. கடைக்கார அம்மாள் ஹபிபுன்னிசா வீட்டைக் கொடுக்கும்போது கேட்டது ஒரே கேள்விதான், கறி நம்ம கடையிலதானே வாங்குவீங்க என்று. தூரம் கூடிவிட்டதால் இருவரும் சேர்ந்திருக்கும் பொழுது சுருங்கி ஏழரை முதல் எட்டு வரை என்றாகியிருந்தது. குக்கர் இல்லாவிட்டால் என்ன, காலையில் ஜெசிந்தா ஒரு சாதாரண அலுமினியச் சட்டியை மாவால் மூடி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள், ஹபிபுன்னிசா அதைப் பிரியாணி இறக்கிய அடுப்பின் சாம்பல் தணலில் சாயங்காலம் வரை புதைத்து வைப்பாள். அன்றைக்கும் சட்டியை மேலே கொண்டுவந்து அப்போதுதான் மூடியைத் திறந்திருந்தாள் ஜெசிந்தா. மணி ஏழரை. வாசலில் வேதகிரி நின்றார், ஒரு கையில் கேரட் பை, இன்னொரு கை பழக்க தோஷத்தில் மூக்கில்.

“வாங்க சார்” என்றாள். “என்ன இவ்வளவு தூரம்?”

“ஒண்ணுமில்லம்மா. கோமளா… எங்க வீட்ல… கொஞ்சம் அந்தக் காய்கறிக் குழம்பு கிடைச்சா…”

“அப்பிடி ஒரு குழம்பு நாங்க வைக்கிறதில்லியே சார்” என்றாள் ஜெசிந்தா. கோபமாகச் சொல்லவில்லை. “எது வேணும்னு பேரைச் சொல்லிக் கேளுங்க, தூக்குல ஊத்தித் தாறேன். கோமளாக்காவுக்கு இல்லாததா?”

கேட்டது பெரிய காரியமில்லை, ஒரு சொல்தான். வேதகிரி வாயைத் திறந்தார். மூக்கில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஜெசிந்தா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். இருவரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது அகப்பையும் போட்டுக்கொண்டார்கள். வில்பிரட் அவள் கால்களைப் பிடித்துவிட்டான், அவள் அன்றைய கதைகளைச் சொன்னாள், நடுவில் ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றி ஒரு சின்னச் சண்டை வந்தது, அது தீர்ந்தது, பாயை விரித்துத் தூங்கினார்கள், எழுந்து முகம் கழுவினார்கள், சட்டியைத் துலக்கிக் கவிழ்த்தார்கள். மணி ஏழு முப்பத்தொன்று. அவர்களுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.

“அந்த ஆளு போயாச்சா?” என்றான் வில்பிரட்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். வாசலில் வேதகிரி மூக்கைப் பிடித்தபடி, திறந்த வாயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். ‘மா’ வரைக்கும் வந்திருந்தார்.